வேலூரில் தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம் இருக்கிறது. கடையாக மாற்றலாமா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா?

இடிக்காதீர்கள். லாங்கு பஜார் பக்கம் எங்கள் தாத்தா வீட்டை ஜவுளிக் கடைக்கு ஏற்றபடி மாற்றியவன் நான்.

முதலில் கோட்டையிலிருந்து உங்கள் இடம் எவ்வளவு தூரம் என்று அளந்துவிடுங்கள். தொல்லியல் துறை காக்கும் சின்னம் அது. 2010-இல் திருத்திய சட்டப்படி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்கு இடமில்லை, பழுதுபார்க்கவே அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை கட்டுவதற்கும் அனுமதி தேவை. அவசரப்பட்டு இடித்தால் வெறும் மனைதான் மிஞ்சும்.

அடுத்தது சிமெண்ட். "சுண்ணாம்பெல்லாம் இப்ப யாருங்க பூசறாங்க" என்று ஒப்பந்தக்காரர் சொன்னதைக் கேட்டு உள்சுவர் முழுக்க சிமெண்ட் பூசினோம். ஐப்பசி மழை முடிந்து தை பிறப்பதற்குள் இடுப்பு உயரத்துக்குப் பூச்சு உப்பி, தட்டினால் பொத்தென்று விழுந்தது. உள்ளே செங்கல் மாவாகியிருந்தது. அந்தக் காலச் சுவரில் ஓதத்தைத் தடுக்க அடியில் எதுவும் கிடையாது. தரையின் ஈரம் ஏறும், சுண்ணாம்புக் காரை வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரத்தோடு வந்த உப்பு உள்ளேயே படிந்து செங்கலை அரிக்கிறது.

எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமையாகக் காயவிட்டோம். பிறகு நீற்றின சுண்ணாம்பு, மணல், செங்கல் தூள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், அதனால் மெல்லிசாகப் பூசி, ஈரச் சாக்கு போட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். வயதான ஒரு கொத்தனார் கிடைத்தது எங்கள் பாக்கியம். மேலே வெள்ளையடித்தோம். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் சிமெண்ட் செய்த வேலையையே அதுவும் செய்யும்.

வாடகைக்கு வருபவர் அகலமான ஷட்டர் கேட்பார். முன்சுவர்தான் மாடியைத் தாங்குகிறது, பொறியாளரைக் கேட்காமல் ஒரு கல்லையும் எடுக்கவிடாதீர்கள். ஒயரிங்குக்குச் சுவரை வெட்டாமல் வெளியே பைப் ஓட்டுங்கள். ஏசித் தண்ணீர் சுவரில் வழியக்கூடாது.

மேலே மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம்) என்றால், தேக்குக் கட்டைகள் சுவருக்குள் போகும் முனைகளைத் தட்டிப் பாருங்கள். கரையானும் ஈரமும் அங்கேதான் முதலில் பிடிக்கும். அதன்மேல் தண்ணீர்த் தொட்டி வைக்கச் சம்மதிக்கவே வேண்டாம்.