மூடி சுற்றுவதையே பரிசாகக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது, ஆட்டிசம் உள்ளது. சம்படத்து மூடி கிடைத்தால் போதும், தரையில் சுழலவிட்டு மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். பாசிமணி கோர்க்க உட்காரவைத்தால், பிஸ்கட் கொடுத்தாலும் எழுந்து ஓடிவிடுகிறான். "மூடியையே பரிசாகக் கொடுத்துப் பாருங்கள்" என்கிறார் சிறப்பாசிரியர். பழக்கம் இன்னும் கூடிவிடாதா?

பதில்: பயப்படாமல் செய்து பாருங்கள். சிறப்பாசிரியர் சொன்னது சரியான வழி.

தானாக அதிகம் செய்யும் ஒரு செயலை, குறைவாகச் செய்யும் செயலுக்குப் பரிசாக வைக்கலாம் என்று டேவிட் பிரிமாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் காட்டினார். மிட்டாயைவிடப் பின்பால் (pinball) என்ற, பந்தைத் தட்டிவிட்டு ஆடும் இயந்திர விளையாட்டை விரும்பிய குழந்தைகள், விளையாட வாய்ப்புக் கிடைப்பதற்காக மிட்டாயை அதிகம் தின்றார்கள். ஆக, எது பரிசு என்பதைக் குழந்தைதான் முடிவு செய்கிறது. உங்கள் மகனுக்கு பிஸ்கட் பரிசே இல்லை.

நீங்கள் கேட்ட கேள்வியையே 1990-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் சோதித்தார்கள். தின்பண்டத்தைவிட, தமக்குப் பிடித்த திரும்பத் திரும்பச் செய்யும் செயலுக்குச் சிறிது நேரம் கிடைத்தபோது குழந்தைகள் பாடத்தை நன்றாகச் செய்தார்கள். அந்தச் செயல்களும் கூடவில்லை.

முதல் நாள் ஒரே ஒரு பாசி போதும். அவன் கோர்த்த கையோடு மூடியைக் கொடுத்துவிடுங்கள். இடையில் "சமர்த்து, இன்னொண்ணு" என்று இழுத்தால் நம்பிக்கை போய்விடும். முதலில் பாசி, அப்புறம் மூடி என்று இரண்டு படம் ஒட்டிய அட்டை அவன் கண்முன் இருக்கட்டும். அரை நிமிடம் சுழற்றட்டும். திரும்ப வாங்கும் இடம்தான் கடினம். வெடுக்கென்று பிடுங்காதீர்கள். ஐந்திலிருந்து கீழே எண்ணி, கையை நீட்டுங்கள். முதல் சில நாட்கள் தரமாட்டான், காத்திருங்கள். எளிதாகத் தரத் தொடங்கியதும் இரண்டு பாசி, மூன்று பாசி என்று போகலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வீட்டிலுள்ள மூடி எல்லாவற்றையும் அலமாரியில் பூட்டிவிட்டு, பாசி கோர்த்தால்தான் கிடைக்கும் என்று ஆக்கிவிடாதீர்கள். இரைச்சல், கூட்டம், பசி எல்லாவற்றிலிருந்தும் அவன் தன்னை ஆற்றிக்கொள்வது அந்தச் சுழற்சியில்தான். பாட நேரத்துக்கென்று தனியாக ஒரு மூடி வையுங்கள், நல்ல ஓசை வருவதாக. மற்ற நேரம் அவனுடையது. அழுதுகொண்டிருக்கும்போது மூடியை வைத்துப் பேரம் பேசவே கூடாது.

தலையை முட்டிக்கொள்வது, கையைக் கடிப்பது போன்றவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. அப்படி ஏதாவது புதிதாகத் தொடங்கினால், காதுவலியோ பல்வலியோ இருக்கிறதா என்று முதலில் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். சொல்லத் தெரியாத வலியை அப்படித்தான் காட்டுவார்கள்.