மலை வீட்டில் முதல் குளிர்காலம்: தலைவலியும் அழுகையும் மனசுதானா?

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 37. சென்னை மடிப்பாக்கத்தில் இருந்தோம். போன ஜூன் மாதம் நீலகிரிக்குக் குடிவந்தோம். ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் பாதையில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். சுற்றிலும் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டம், மேட்டில் தேயிலை. கணவருக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொன்னதும், பல வருஷமாக ஆசைப்பட்ட மலை வீட்டை வாங்கிவிட்டார். பழைய வீடு, கூடவே அரை ஏக்கர் நிலம். நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். வேலையை விட்டுவிட்டு வந்தேன். மகள் எட்டாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. மாமியாரும் எங்களோடு இருக்கிறார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஸ்வெட்டரே இங்கே வந்துதான் போட்டுப் பார்த்தார்.

மழைக்காலத்தை எப்படியோ ஓட்டிவிட்டோம். கார்த்திகை பாதிக்கு மேல்தான் என் கஷ்டம் ஆரம்பித்தது. விடியும்போது புல் எல்லாம் வெள்ளையாக இருக்கிறது. கார் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டினால்தான் வண்டி எடுக்க முடியும். குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிறது. வெந்நீர் போடாமல் எந்த வேலையும் நடக்காது. யூனிஃபார்ம் காய மூன்று நாள் ஆகிறது, கடைசியில் அயர்ன் பாக்ஸை வைத்துத்தான் காயவைக்கிறேன். இட்லி மாவு அரைத்து மறுநாள் மூடியைத் திறந்தால் ஊற்றியது ஊற்றியபடி இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பாத்திரத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். மாவுக்காக யாராவது அழுவார்களா, மேடம்?

கணவர் நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு அமெரிக்க ஷிஃப்ட். சாயங்காலத்திலிருந்து நடுராத்திரி தாண்டியும் முன் அறையில் உட்கார்ந்திருப்பார், அங்கே ஹீட்டர் ஓடும். முடிந்ததும் அங்கேயே படுத்துவிடுவார். இங்கே வோல்டேஜ் குறைவு, இரண்டாவது ஹீட்டர் போட்டால் ட்ரிப் ஆகிறது. அதனால் நானும் பிள்ளைகளும் மாமியாரும் உள் அறையில் ஒன்றாகப் படுக்கிறோம். மாமியார் குமுட்டி அடுப்பில் கரி போட்டு, புகை அடங்கியதும் உள்ளே கொண்டுவந்து வைப்பார். ஜன்னல் இடுக்கிலும் கதவுக்கு அடியிலும் கணவர் துணி அடைத்துக் கொடுத்திருக்கிறார். அறை கதகதப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் காலையில் எழுந்தால் தலை வெடிக்கிற மாதிரி வலி. பெரியவளும் ‘தலை சுத்துதும்மா’ என்கிறாள், மாமியார் ஒரு நாள் வாந்தி எடுத்தார். வெளியே வேலையில் இறங்கிவிட்டால் பத்து மணிக்குள் சரியாகிவிடுகிறது. ‘எனக்கு ஒண்ணும் இல்லையே, நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கறே, அதப் பாத்து அவங்களும் சொல்றாங்க’ என்பது கணவரின் பதில்.

இதை விடப் பெரிய கவலை மகன். மூன்று வயதிலேயே படுக்கையை நனைப்பதை நிறுத்தியவன், டிசம்பரிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறான். பாத்ரூம் வீட்டுக்கு வெளியே, பின்பக்கம் இருக்கிறது. ஒரு ராத்திரி நானும் அவனும் டார்ச் அடித்தபடி போனபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் காட்டுமாடு நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு கூப்பிட்டால்கூட எழுந்து வரமாட்டேன் என்கிறான். ‘இவ்வளவு பெரிய பையனா’ என்று கணவர் அவனையே போர்வையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடியில் போடச் சொல்கிறார். மெத்தையை வெயிலில் போட்டாலும் முழுசாகக் காய்வதில்லை. மெத்தை நாற்றத்தில் மகள் முகத்தைச் சுளிக்கிறாள்.

பக்கத்து வீட்டு அக்கா படுகர் சமூகம். வாசலில் கேரட்டும் பீன்ஸும் வைத்துவிட்டுப் போவார். ஹெத்தையம்மன் திருவிழாவுக்குக் கூப்பிட்டார். எல்லாரும் வெள்ளை உடையில் கிளம்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், போகத் தோன்றவில்லை. அவர்கள் தங்களுக்குள் பேசும் மொழியும் எனக்குப் புரிவதில்லை. சொந்தக்காரர்களோ, கணவர் ஸ்டேட்டஸில் வைக்கும் உறைபனிப் படத்தைப் பார்த்து ‘கொடுத்து வெச்சவ’ என்கிறார்கள்.

குளிர்கால மனச்சோர்வு என்று ஒன்று இருப்பதாக நெட்டில் படித்தேன். எனக்கு அதுதானா? சில நாள் எல்லாத்தையும் விட்டுவிட்டுப் போய்விடலாம் போல இருக்கிறது. சென்னைக்கே திரும்பலாம் என்றால், மீதிப் பணத்தில் பாலிஹவுஸ் போட்டு ஸ்ட்ராபெரி வைக்கப் போவதாகக் கணவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நீலகிரி மாவட்டம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. இன்று இரவு அந்தக் குமுட்டி அடுப்பு படுக்கையறைக்குள் போகக் கூடாது. இதை மேற்கொண்டு படிப்பதற்கு முன் எழுந்து போய் வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.

தலைவலியை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டதே அதுதான். ஒரே அறையில் படுக்கும் மூன்று பேருக்குக் காலையில் தலைவலி, தலைசுற்றல், வாந்தி. வெளியே காற்றாடப் போனதும் தணிகிறது. வேறு அறையில் படுப்பவருக்கு மட்டும் ஒன்றுமில்லை. மனக்குழப்பம் இப்படி ஆள் பார்த்து, அறை பார்த்து வராது. கனிந்த கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது என்றே நான் சந்தேகிக்கிறேன். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கிவிட்டதால் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பது வழக்கம். வாயுவோ கரி கனிந்துகொண்டிருக்கும் வரை வரும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். ஜன்னல் இடுக்கை வேறு அடைத்திருக்கிறீர்கள். மலை ஊர்களில் பார்பிக்யூ கரியை அறைக்குள் வைத்துத் தூங்கிய சுற்றுலாப் பயணிகள் விடிவதற்குள் இறந்துபோன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

நால்வரும் நாளையே மருத்துவமனைக்குப் போங்கள். தலைவலி என்று மட்டும் சொன்னால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ‘மூடிய அறையில் இரவு முழுக்கக் கரி அடுப்பு எரிந்தது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது, எண் சரியாகவே இருக்கும். அதை நம்பித் திரும்பிவிடாதீர்கள். யாருக்காவது மயக்கமோ நெஞ்சு வலியோ குழப்பமோ இருந்தால் நாளை வரை காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் நடுங்கக் கூடாது என்று அந்த வயதில் அடுப்பு மூட்டித் தூக்கிக்கொண்டு வந்தவர். ‘உங்களால்தான்’ என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது, குறிப்பாக உங்கள் கணவர் வாயிலிருந்து.

அப்படியானால் குளிருக்கு என்ன செய்வது? ஹீட்டர் உள் அறைக்கு வரட்டும். படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஓடினால், நாலு பேர் படுக்கும் சிறிய அறைக்குப் பெரும்பாலும் போதும். காலுறை, குல்லா, ஆளுக்கு இரண்டு கம்பளி, போர்வைக்குள் வெந்நீர்ப் பை. உங்கள் கணவர் ஸ்வெட்டரும் கம்பளியுமாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம், முன் அறையில் அவர் விழித்துத்தானே இருக்கிறார். பழைய வீட்டு வயரிங் ஹீட்டரின் சுமையைத் தாங்குமா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். வோல்டேஜ் பிரச்சினைக்கு மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். பல வருஷம் நனைக்காமல் இருந்த பிள்ளை திரும்ப ஆரம்பித்தால், உடம்பு, மனசு இரண்டையும் பார்க்க வேண்டும். முதலில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை: கிருமித் தொற்று இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று. அடிக்கடி தாகம், எடை குறைவது போன்றவை இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். மலச்சிக்கலும் இதற்கு ஒரு காரணம், குளிரில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லையே. குளிர்ந்தால் சிறுநீர் அதிகமாகச் சுரப்பது யாருக்கும் உள்ள இயல்பு. இதற்கு மேல், கழிப்பறைக்குப் போகும் வழியில் காட்டுமாட்டைப் பார்த்த ஏழு வயதுப் பிள்ளை இருட்டில் எழுந்து போகவில்லை என்றால் அவன் புத்தியோடுதான் நடந்துகொள்கிறான். எனக்கே அந்த வழியில் போகத் தைரியம் வராது.

அறைக்கு வெளியே நடையில் மூடி போட்ட ஒரு வாளி, பக்கத்தில் சின்ன விளக்கு. மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட். படுப்பதற்கு முன் ஒருமுறை நீங்களோ கணவரோ கூடவே போய் நின்று அழைத்து வாருங்கள். பால், பூஸ்ட் எல்லாம் சாயங்காலத்தோடு முடியட்டும், பகலில் தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும். போர்வையை அவனே கொடியில் போடும் தண்டனை நிற்க வேண்டும். அவன் தூக்கத்தில் செய்வதற்கு, விழித்திருக்கும்போது அவமானப்படுத்துகிறீர்கள். அவமானப்படும் பிள்ளைக்குப் படுக்கப் போகும்போதே பயம் வரும், பயம் வந்தால் இன்னும் நனையும். மகளிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும். அவளும் தோழிகளை விட்டுவிட்டு வந்தவள், அவளைப் பற்றிக் கடிதத்தில் இரண்டு வரிதான் இருக்கிறது.

இனி உங்களைப் பற்றி. நீங்கள் நெட்டில் படித்த குளிர்கால மனச்சோர்வை 1984-ல் அமெரிக்காவில் நார்மன் ரோசந்தால் குழுவினர் விவரித்தார்கள். குளிர்காலத்தில் பகல் வெகுவாகச் சுருங்கிவிடும் ஊர்களில்தான் அதை அதிகம் பார்க்கிறோம். ஊட்டி நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். டிசம்பரின் மிகக் குறுகிய பகல்கூட அங்கே ஏறத்தாழ 11½ மணி நேரம். அதுவும் உறைபனி விழுவதே வானம் தெளிந்த இரவுகளில், மறுநாள் நல்ல வெயில் வரும். ஆகவே உங்களுக்கு வெயில் பற்றாக்குறை என்று நான் நினைக்கவில்லை. அந்த வெயிலில் உட்கார உங்களுக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான்.

வெந்நீர், துணி, மெத்தை, டிபன், மாமியாரின் மருந்து. குளிர் கூட்டிய வேலை ஒவ்வொன்றும் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. மலையில் வாழ ஆசைப்பட்டவருக்கு அதன் படம் கிடைக்கிறது, உங்களுக்கு அதன் வேலை. கூடவே சம்பளம், சக ஆசிரியைகள், டீச்சர் என்று கூப்பிடும் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதத்தில் போய்விட்டன. மாவுப் பாத்திரத்தைப் பார்த்து அழுதது மாவுக்காக இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். (மாவுக்கு வழி இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, கையால் நன்றாகக் கலந்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, சமைத்து முடித்த அடுப்பின் ஓரம் வைத்துப் பாருங்கள். இன்னும் நல்ல யோசனை பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கும். அதைக் கேட்கும் சாக்கிலாவது அவர் வீட்டுப் படி ஏறுங்கள். அவர் உங்களோடு தமிழில் பேசித்தானே திருவிழாவுக்கு அழைத்தார்.)

‘எல்லாத்தையும் விட்டுவிட்டுப் போய்விடலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டை விட்டா, உயிரை விட்டா? நேராகவே கேட்கிறேன். இரண்டாவது நினைப்பு ஒரு கணம் வந்திருந்தாலும் கணவரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ இன்றே சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. அப்படி எதுவும் இல்லை என்றால், கரி அடுப்பை நிறுத்திய பிறகு இரண்டு வாரம் கவனியுங்கள். தலைவலி போன பிறகும் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, பெரும்பாலான நாட்கள் அழுகையாகவே இருந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். அது மருந்தோ ஆலோசனையோ தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம்.

கணவரிடம் இந்தக் கடிதத்தையே கொடுங்கள். ஐயா, உங்கள் மனைவி சொன்ன தலைவலி நிஜம். பாலிஹவுஸ் இன்னொரு வருஷம் பொறுக்கும், வீட்டோடு சேர்ந்த கழிப்பறை பொறுக்காது. அந்தப் பணத்தில் முதலில் அதைக் கட்டுங்கள், ஒரு கீசரும் வையுங்கள். இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் எழ முடியாதுதான். சாயங்காலம் வேலை தொடங்கும் முன் துணியும் பாத்திரமும் உங்கள் பொறுப்பாக இருக்கலாம். சனி, ஞாயிறு காலை வெந்நீரிலிருந்து டிபன் வரை நீங்களே பாருங்கள், ஒரு மாதம். அதன் பிறகும் இந்த வீட்டின் மேல் ஆசை குறையாமல் இருந்தால் நல்லதுதான்.

திரும்பிப் போவதா இல்லையா என்று தை மாதக் குளிரில் முடிவெடுக்காதீர்கள். மாசி பாதியில் உறைபனி குறையத் தொடங்கும். அதற்குள் அங்குள்ள பள்ளிகளில் கணக்கு ஆசிரியை வேலை இருக்கிறதா என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாமியாரையும் மகளையும் உட்காரவைத்து எல்லாரும் பேசுங்கள். சென்னைதான் என்று முடிவானால், பிள்ளைகளின் அட்மிஷனுக்கு மார்ச் மாதத்திலேயே அலைய வேண்டியிருக்கும். அதனால் இந்தப் பேச்சை பிப்ரவரி கடைசிக்கு மேல் தள்ளவிடாதீர்கள்.