கையைக் கடிக்காத டிக்கெட் விலை: கேள்வி பதில்

ஆண்டு விழாவுக்கும் நாடகத்துக்கும் பள்ளிகள் டிக்கெட் அச்சடிக்கும் சமயம் இது. காரைக்குடியில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். விலை வைப்பது பற்றி என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பள்ளத்தூர் ஆசிரியை: நாடகமும் பலகாரத் தட்டும் சேர்த்து ஒரே டிக்கெட், சார். மைக், விளக்கு 18,000. பந்தல், நாற்காலி 14,000. உடை, ஒப்பனை 9,500. அச்சுக் கூலி 2,500. வெள்ளைப் பணியாரம், மசாலா சீயம், காபி சேர்த்துத் தட்டுக்கு 35 ரூபாய். போடப்போகிற நாற்காலிகள் 400. லாபம் வேண்டாம், நட்டமும் வேண்டாம். என்ன விலை வைக்கலாம்?

செலவை இப்படிப் பிரித்து எழுதியதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. ஒருவர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் மைக்காரருக்கு 18,000 கொடுத்தே ஆக வேண்டும். இந்த மாதிரி மாறாச் செலவு மொத்தம் 44,000. தட்டு மட்டும் ஆளுக்கு ஆள் கூடும். விலையை 'வி' என்று வைத்துக்கொள்வோம்.

400 × வி = 44,000 + 400 × 35

இரண்டு பக்கத்தையும் 400 ஆல் வகுத்தால் வி = 110 + 35 = 145.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். 400 என்பது உங்கள் நாற்காலிக் கணக்கு. டிக்கெட் 300தான் விற்றால்? ஒவ்வொரு டிக்கெட்டிலும் தட்டுக்கு 35 போக 110 மிஞ்சும். 300 பேருக்கு 33,000. மாறாச் செலவில் 11,000 துண்டு விழும். அதுவும் சமையல் மாஸ்டரிடம் 300 தட்டு மட்டும் சொல்லியிருந்தால்தான். 400 என்று சொல்லி மாவும் ஆட்டியாகிவிட்டது என்றால் தட்டுச் செலவும் மாறாச் செலவாகிவிடும். அப்போது துண்டு 14,500.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இது நடந்தது. 500 ஆல் வகுத்து விலை வைத்தோம், விற்றது 320. ராத்திரி பத்தரை மணிக்கு டிக்கெட் காசு போட்ட பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து மூன்று முறை எண்ணினோம். பக்கத்தில் இரண்டு கூடை சீயம் ஆறிப்போய் எண்ணெய் கக்கிக்கொண்டிருந்தது. மீதியை ஆசிரியர்கள் பங்கு போட்டுக் கட்டினோம். அன்றிலிருந்து எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறேன்: நாற்காலியால் வகுக்காதீர்கள், காசு கொடுப்பார் என்று உறுதியாகத் தெரிந்த தலைகளால் வகுங்கள். உங்களுக்கு 300தான் உறுதி என்றால் 44,000ஐ 300 ஆல் வகுத்து வரும் 146 ரூபாய் 67 பைசாவோடு 35 சேர்த்து, முழு ரூபாயாக 182 வைத்து, தட்டும் 300க்கே சொல்லுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து: எங்களிடம் 300 பேர். டிக்கெட் எவ்வளவு வைக்கலாம்?

செலவு எவ்வளவு என்று எழுதவில்லையே. அது இல்லாமல் விலை வராது.

கோட்டையூர் பெற்றோர் சங்கம்: நடிக்கிற பிள்ளைகளின் வீட்டாருக்கு 60 இலவசப் பாஸ் கொடுக்கிறோம். செலவு, நாற்காலி எல்லாம் பள்ளத்தூர் கணக்கேதான். அதே 145 போதுமா?

போதாது. இலவசமாக வருபவரும் தட்டு வாங்குவார். 400 தட்டு, 44,000 மாறாச் செலவு, ஆக மொத்தம் 58,000. காசு தருபவர் 340 பேர்தான். வகுத்தால் 170 ரூபாய் 59 பைசா. ஒரு பாஸ் செலவைக் குறைப்பதில்லை, வகுக்கும் எண்ணைத்தான் குறைக்கிறது. அந்த 340ம் உறுதியான தலைகள்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டைப் பெரியவர்: தம்பி, கடல் கடந்து பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள் ஐந்தொகை, அதாவது வரவு, பற்று, இருப்பைக் காட்டும் கணக்கு, போட்டே சமாளித்தார்கள். சீயம் விற்கிற கணக்குக்கு அல்ஜீப்ரா எதற்கு?

ஐயா, ஐந்தொகையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் ஐயா அப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் கடைக்குக் கடைநிலைப் பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்த படியான அடுத்தாளாகி, கடைக்குத் தலைவரான மேலாளாகத் திரும்பியவர். அவர் பேரேட்டின் மடிப்பில் இன்னும் மைக்கறை இருக்கிறது. ஆனால் ஐந்தொகை நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். வரவு, பற்று, இருப்பு எல்லாம் தெரிந்த பிறகு எழுதுவது அது. டிக்கெட் விலையோ விழாவுக்கு ஒரு மாதம் முன்பே அச்சாகிறது. தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைத்து, தெரிந்தவற்றோடு கட்டி, அதைப் பிடித்து இழுப்பதுதான் அல்ஜீப்ரா.

மீண்டும் பெரியவர்: அதை மனக்கணக்கிலேயே போடுவோமே.

போடுவீர்கள். 44,000ஐ 400 ஆல் வகுத்து 35 கூட்டினால், எழுதாமலே சமன்பாட்டைத் தீர்த்துவிட்டீர்கள். விலை இரண்டாகும்போதுதான் மனக்கணக்கு தடுமாறும். அடுத்த கேள்வி அதுதான்.

குன்றக்குடி ஆசிரியர்: பெரியவர்கள் 150, பிள்ளைகள் 200. பிள்ளைகளுக்குப் பாதி விலை. செலவு பள்ளத்தூர் கணக்கே.

மொத்தம் 44,000 + 350 × 35 = 56,250. பெரியவர் விலை 'வி' என்றால் 150 × வி + 200 × வி/2, அதாவது 250 × வி. ஆக வி = 225, பிள்ளைக்கு 112 ரூபாய் 50 பைசா. 230, 115 என்று வையுங்கள், சில்லறைத் தொல்லை குறையும்.

ஆனால் கூட்டம் அதே 350 ஆக இருந்தும் பெரியவர் 100, பிள்ளை 250 என்று வந்தால், 225 விலையில் 50,625தான் சேரும். 5,625 கையைக் கடிக்கும். தலை எண்ணிக்கை சரியாக வந்தும் நட்டம்! பெரியவரே, இதை மனக்கணக்கில் போட்டுப் பாருங்கள்.

மீண்டும் பெரியவர்: போட்டேன், பேனா எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் விழா முடிந்ததும் ஐந்தொகை வேண்டுமா, வேண்டாமா?

கட்டாயம் வேண்டும் ஐயா. இதில் நீங்கள் சொல்வதுதான் சரி. போன வருடக் கணக்கு எழுதி வைத்திருந்தால்தான் இந்த வருடம் எத்தனை தலை உறுதி என்று சொல்ல முடியும்.

ஒரு முன்னாள் மாணவர்: நன்கொடை 20,000 வந்தால்?

மாறாச் செலவில் கழியுங்கள். 24,000 ஐ 400 ஆல் வகுத்தால் 60, தட்டோடு 95. பணம் கைக்கு வந்த பிறகு கழியுங்கள், வாக்குக் கொடுத்தவுடன் அல்ல.

டிக்கெட்டுக்கு வரி உண்டா? ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஐம்பது பணியாரத்துக்கு எவ்வளவு அரிசி? சமையல் மாஸ்டரிடம் கேளுங்கள்.

இன்னொருவர்: 250 பேர் வருவார்கள். விலை என்ன?

இந்தக் கேள்விக்கு மேலே பதில் சொல்லிவிட்டேன். செலவுப் பட்டியலோடு வாருங்கள்.

பள்ளத்தூர் ஆசிரியை: சார், 182 அதிகம் என்கிறார்கள். தட்டைத் தனி டோக்கனாக்கிவிடலாமா?

ஆக்கலாம். நாடகத்துக்கு மட்டும் 300 பேரை வைத்து 147. தட்டு வேண்டியவர் 35 கொடுத்து டோக்கன் வாங்கட்டும். டோக்கனை முதல் நாளே விற்றுவிடுங்கள். எத்தனை டோக்கன் போனதோ அத்தனை தட்டை மட்டும் அன்று சாயங்காலம் மாஸ்டரிடம் சொல்லுங்கள். எண்ணிக்கை வந்ததும் எனக்கும் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.