கோபுர முகப்பில் துகள்கள் துடிப்பது ஏன்?

துகள்களைப் பெரிதாக்குங்கள், துடிப்பு அடங்கிவிடும். உயரமான கட்டடத்தின் எல்இடி முகப்பில் ஓட்ட நீங்கள் செய்த வீடியோவில், மானிட்டரில் வழுக்கிப் போகிற புள்ளிகள் கோபுரச் சோதனையில் மட்டும் மினுங்குகின்றன என்கிறீர்கள். பெரும்பாலும், ஒவ்வொரு துகளும் இரண்டு எல்இடிகளுக்கு நடுவே விழுந்து மறைந்து, அடுத்த எல்இடியில் திடீரென முளைக்கிறது.

முகப்பில் எத்தனை எல்இடியோ அத்தனை பிக்சலுக்கு வீடியோவைச் சுருக்குங்கள், பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுக்காமல். அப்போது கணினியிலேயே துடித்தால் காரணம் இதுதான். அப்புறம் மூல வீடியோவை லேசாக பிளர் செய்து (மங்கலாக்கி), ஒரு துகள் மூன்று எல்இடி அகலம் வரும்படி வையுங்கள்.

சான்பிரான்சிஸ்கோ சேல்ஸ்ஃபோர்ஸ் டவர் உச்சியில் சுமார் 11,000 எல்இடிதான். கலைஞர் ஜிம் கேம்பெல் அவற்றைக் கட்டடத்தைப் பார்த்துத் திருப்பி, அலுமினியத் தகட்டில் பட்டுத் திரும்பும் ஒளியைக் காட்டுகிறார். அந்த மிருது அங்கிருந்துதான் வருகிறது. அவ்வளவு அழகு!

ஒன்று மட்டும்: காமா திருத்தத்தை (கண்ணுக்கு ஏற்ப வெளிச்ச அளவை மாற்றுவதை) எல்இடிகளை இயக்கும் கன்ட்ரோலரும் செய்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இருமுறை விழுந்தால் மங்கல் நிறங்கள் இருட்டில் போய்விடும்.