பக்கவாதம் வந்த அப்பாவுக்கு ஐ.ஜி.எஃப்-1 துண்டு கொடுக்கலாமா?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது, வளர்ச்சிக் காரணியின் துண்டு ஒன்று மூளைச் செல்களைக் காப்பாற்றும் என்று படித்தேன், வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்க வேண்டாம். ஆனால் நீங்கள் படித்தது புரளி இல்லை. எம்.ஃபார்ம் படிக்கும்போது செமினாருக்கு நான் எடுத்ததே இந்தத் துண்டைத்தான்.

ஐ.ஜி.எஃப்-1 என்பதுதான் நீங்கள் படித்த அந்த வளர்ச்சிக் காரணி, செல்கள் வளர உதவும், 70 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். மூளைக்குள் அதன் நுனியிலிருந்து மூன்று மட்டும் கழன்றுகொள்ளும்: கிளைசின், புரோலின், குளூட்டமிக் அமிலம். 1980களில் ஸ்வீடனில் விக்கி சாராவின் குழு கண்டது இது. பிறகு நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில், ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் தடைபட்ட எலி மூளைகளில் இந்தத் துணுக்கைச் செலுத்திப் பார்த்தார்கள். பாதிப்பு நடந்து முடிந்த பிறகு கொடுத்தும் சாகும் செல்கள் குறைந்தன. இத்தனைக்கும் செல்லின் மேல் ஐ.ஜி.எஃப்-1 போய் ஒட்டி வேலையைத் தொடங்கும் இடமான ஏற்பியில் இது ஒட்டுவதே இல்லை! செமினாரில் என்னை மாட்டிவிட்ட கேள்வியும் அதுதான்.

சரி, மனிதர்களிடம்? இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் மறதி, தடுமாற்றத்தைத் தடுக்குமா என்று சோதித்தார்கள், 2008இல் தோல்வி. ரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடுவது இதன் பெரிய பலவீனம். அதனால் வேதியியலாளர் மார்கரெட் பிரிம்பிளின் குழு துண்டின் புரோலினில் மீதைல் என்ற சிறு அணுத்தொகுதியைச் சேர்த்து டிரோஃபினடைடு என்ற மருந்தை உருவாக்கியது. தலையில் அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார்கள், அதுவும் பலிக்கவில்லை.

அப்புறம் 2023 மார்ச்சில் அமெரிக்காவில் அதே டிரோஃபினடைடுக்கு அனுமதி கிடைத்தது, ரெட் சிண்ட்ரோம் என்ற மரபணுக் கோளாறுக்கு. பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வருவது. அதில் நரம்புச் செல்கள் கூட்டமாகச் சாவதில்லை, இணைப்புகள்தான் சரியாக முதிராமல் நின்றுவிடுகின்றன. சாகிற செல்லைக் காக்கத் தேடிய மருந்துக்கு, செல் சாகாத நோயில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயும் முழுக் குணம் கிடையாது. சோதனையில் மருந்து சாப்பிட்டவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு வயிற்றுப்போக்கு.

எலிக்கு எந்த நிமிடம் அடைப்பு என்று ஆய்வாளருக்குத் தெரியும். உங்கள் அப்பாவுக்கு இரண்டு மாதம் கடந்துவிட்டது. சாக இருந்த செல்கள் முதல் சில மணி நேரத்திலும் நாட்களிலுமே போயிருக்கும். இப்போது மீதமுள்ள செல்கள் புது வேலை பழகும் காலம். பிசியோதெரபியை ஒருநாள் கூட விடாதீர்கள், பேச்சு குழறினால் பேச்சுப் பயிற்சியையும் சேருங்கள். இணையத்தில் பெப்டைடு (இதுபோன்ற அமினோ அமிலத் துணுக்கு) ஊசி என்று விற்பதற்கு வைத்திருக்கும் பணத்தை அதற்குச் செலவழியுங்கள்.