ரப்பர் தோட்டத்துக்குள் தொலைகிற கிலோமீட்டர்: சைக்கிளுக்குச் சின்ன ஜிபிஎஸ் கருவி வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: தக்கலையிலிருந்து ஞாயிறுதோறும் மூன்று பேர் சைக்கிளில் கிளம்புகிறோம். ஒரு வாரம் குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை. அடுத்த வாரம் முட்டம், கன்னியாகுமரி. மூவருடையதும் 700×28 டயர் போட்ட ரோடு பைக். போனை ஹாண்டில்பாரில் மாட்டினால் வெயிலில் சூடாகித் திரை மங்கிவிடுகிறது. மழையில் விரலுக்குக் கட்டுப்படுவதில்லை. சென்ற வாரம் ஒன்றாகவே போய் வந்தும் என் போன் 61.1 கி.மீ. காட்டியது. சக்கர சென்சார் வைத்திருக்கும் நண்பர்கள் இருவரில் ஒருவருக்கு 62.3, இன்னொருவருக்கு 63.5. ஏறிய உயரமோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. சின்ன ஜிபிஎஸ் கம்ப்யூட்டர் ஒன்று வாங்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது? நம்மூர் மழைக்குத் தாங்குமா?

பதில்: பெரிய திரைக்குப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் ஓட்டத்துக்கு 1.8 முதல் 2.5 அங்குலத் திரை தாராளம். மிச்சமாகும் காசில் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் மாட்டுகிற வேக சென்சார் ஒன்று வாங்கிவிடுங்கள். குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பித் தூரம் அளப்பது சரிவராது. காரணம் உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வந்து சேரும் சிக்னல் மிக மெலிசானது; இலையில் இருக்கும் ஈரமே அதை உறிஞ்சிவிடும். குலசேகரம் பக்கம் சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் கூரை போல மூடிக்கொண்டு நிற்கும் இடங்களில் கருவிக்குக் கிடைப்பது பாதி வடிகட்டின சிக்னல்தான். மழை பெய்து இலை நனைந்திருந்தால் இன்னும் மோசம். மார்கழி, தை வாக்கில் ரப்பர் இலை உதிர்ந்து வானம் தெரியும்போது அதே கருவி அதே சாலையில் ஒழுங்காக வேலை செய்யும். ‘கருவி தானாகச் சரியாகிவிட்டது’ என்று அப்போது ஏமாந்துவிடக் கூடாது. திறந்த வெளியில் 3 முதல் 5 மீட்டருக்குள் நிற்கிற பிழை, மரத்தடியில் 15, 20 மீட்டர் வரை போகும். வளைவுகளில் கருவி தான் பதிந்த இடப் புள்ளிகளை நேர்கோடாக இணைத்துவிடுவதால் தூரம் குறையும். போன் சட்டைப்பையில் இருந்து, பேட்டரி சேமிப்பு முறையிலும் ஓடினால் புள்ளிகள் இன்னும் தள்ளித் தள்ளி விழும். உங்கள் 61.1 அப்படி வந்திருக்கத்தான் வாய்ப்பு.

எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையைப் பிடிக்கும் கருவிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. சுவரிலும் கான்கிரீட்டிலும் பட்டுத் திரும்பும் சிக்னலைப் பிரித்தறிய அது உதவும். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் போகும்போது வித்தியாசம் தெரியும். ஆனால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், விலையும் கூடும். தூரம் சரியாக வர வேண்டும் என்பதற்காக மட்டும் அதை வாங்க வேண்டாம். சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணுகிற சென்சாருக்கு வானமே தேவையில்லை.

இனி 62.3-க்கும் 63.5-க்கும் உள்ள தகராறு. இருவருக்கும் ஒரே அளவு டயர், இருவரிடமும் சென்சார். அப்படியானால் பிசகு இருப்பது கருவிக்குள் பதிந்த சக்கரச் சுற்றளவில்தான். பல கருவிகளில் ஆரம்பத்திலேயே 2096 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். அது 700×23 டயருக்கான அளவு. 700×28-க்குச் சுமார் 2136 வர வேண்டும். வித்தியாசம் 40 மில்லிமீட்டர், அதாவது 1.9 சதவீதம். 63.5-இல் 1.9 சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள், 62.3 வரும். 62.3 காட்டிய நண்பர், கருவி வரும்போது இருந்த 2096-ஐ மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்றே தோன்றுகிறது.

2136 என்ற அட்டவணை அளவும் தோராயம்தான். டயர் கம்பெனி, காற்றழுத்தம், ஆளின் எடை எல்லாம் சேர்ந்து மாற்றும். உங்கள் சைக்கிளில் நீங்களே அளந்துகொள்ளுங்கள். வழக்கமாக வைக்கிற அளவுக்குக் காற்றடியுங்கள். சமமான சிமெண்ட் தரையில், சென்சார் மாட்டப்போகிற சக்கரத்தின் வால்வைத் தரையை ஒட்டி நேர் கீழே கொண்டுவந்து அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சைக்கிள் மேல் உட்கார்ந்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒரே நேராக ஐந்து சுற்று உருட்டுங்கள். வால்வு மறுபடி கீழே வருகிற இடத்தில் இன்னொரு கோடு. இடைவெளி 10 மீட்டர் 68 சென்டிமீட்டர் என்றால் 10,680-ஐ ஐந்தால் வகுத்து 2136. ஆள் உட்காராமல் வெறும் சைக்கிளை உருட்டி அளந்தால் டயர் அமுங்காது, அளவு சற்றுக் கூடிவிடும்.

கருவியில் சக்கர அளவைத் ‘தானாகக் கணக்கிடு’ என்று ஒரு வசதி இருக்கும். அதை அணைத்துவிட்டு உங்கள் எண்ணைக் கையால் பதியுங்கள். அந்த வசதி ஜிபிஎஸ் தூரத்தோடு ஒப்பிட்டுத்தான் சக்கரத்தை அளக்கிறது. ரப்பர் மரத்தடியில் குறைந்துபோன தூரத்தோடு ஒப்பிட்டால் சக்கரமும் சிறுத்துவிடும். சென்சார் வாங்கியதே வீணாகும்.

சென்சாரைக் கருவியோடு இணைக்கையில் நண்பர்கள் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் சக்கரத்தோடு உங்கள் கருவி ஒட்டிக்கொண்ட கூத்தெல்லாம் உண்டு. சக்கரத்தைச் சுற்றிவிட்டால்தான் சென்சார் விழிக்கும். போனில் உள்ள புளூடூத் பட்டியலில் அதைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். புளூடூத் வழியில் பெரும்பாலான சென்சார்கள் ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேசும். போன் பிடித்துக்கொண்டால் கருவி ‘சென்சார் இல்லை’ என்று நிற்கும். புளூடூத்தோடு ஆன்ட் பிளஸ் (ANT+) என்ற இன்னொரு கம்பியில்லா வழியும் இருந்தால் அதன் வழியாக இணையுங்கள், எத்தனை கருவி கேட்டாலும் அது பதில் சொல்லும். உள்ளே போடுவது சிஆர்2032 காசு பேட்டரி. குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூசிய பேட்டரி சில சென்சாரில் சரியாகத் தொடர்பு கொள்ளாது. புதுப் பேட்டரி போட்டும் உயிர் வரவில்லை என்றால் ஸ்பிரிட் தொட்ட துணியால் அதன் விளிம்பைத் துடைத்துப் போட்டுப் பாருங்கள்.

உயரக் கணக்குக்கு வருவோம். விவரப் பட்டியலில் ‘பாரோமெட்ரிக் ஆல்டிமீட்டர்’ (காற்றழுத்தத்தால் உயரம் அளக்கும் பகுதி) என்ற வார்த்தை இல்லாத கருவியை உங்கள் வழிக்கு வாங்கவே வேண்டாம். ஜிபிஎஸ் தருகிற உயரத்தில் பிழை, இடத்தில் வரும் பிழையைவிட எப்போதும் அதிகம். மரத்தடியில் அது மேலும் கீழும் துள்ளும். மேலே துள்ளியதையெல்லாம் நீங்கள் ஏறியதாகக் கூட்டிக்கொண்டே போகும். சில செயலிகள் நிலப்பட உயரத்தை வைத்துப் பின்னால் திருத்தும். அதற்கும் ஒரு கோளாறு உண்டு. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நடந்துபோய்ப் பாருங்கள். பாலம் மட்டம், ஆனால் நிலப்படத்துக்குத் தெரிவது 100 அடிக்கு மேல் கீழே கிடக்கும் பறளியாறுதான். நீங்கள் பள்ளத்தில் இறங்கி மறுகரை ஏறியதாகச் செயலி எழுதிவிடும்.

பாரோமீட்டர் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிறது. கடல் மட்டத்தருகே அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறைந்தால் சுமார் 9 மீட்டர் ஏறியதாக அர்த்தம். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நம்மூரில் இதற்கு ஒரு விசேஷம் உண்டு. மழை, புயல் எதுவும் இல்லாத நாளிலும் காலை 10 மணி வாக்கில் அழுத்தம் உச்சத்திலும், மாலை 4 மணி வாக்கில் தாழ்விலும் இருக்கும். வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு வரும். காலை 10 மணிக்குக் கன்னியாகுமரிக் கரையில் 5 மீட்டர் என்று பதிந்துவிட்டு, மாலை 4 மணிக்கு அதே இடத்தில் வந்து நின்றால் கருவி 30 மீட்டருக்கு மேல் காட்டலாம். கருவி கெடவில்லை. மெல்ல மெல்ல நடக்கிற மாற்றம் என்பதால் மொத்த ஏற்றக் கணக்கில் பெரிதாகக் குறுக்கிடாது. கிளம்புகிற இடத்தின் உயரத்தை ஒவ்வொரு முறையும் பதிந்துகொண்டால் போதும். வீட்டு வாசலின் உயரத்தைக் கருவியில் ஒரு முறை சேமித்துவைத்தால் பல கருவிகள் தாமே சரிசெய்துகொள்ளும்.

ஆரல்வாய்மொழி பக்கம் போனால் வேறு வேடிக்கை. ஆடிக் காற்றில் நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு நோக்கிப் போகையில் காற்றே தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது முகத்தில் அறையும். சில கருவிகளில் பாரோமீட்டர் துளையையும் அறையும். மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று அழுத்தத்தை 1 ஹெக்டோபாஸ்கல் வரை கூட்டும். அதாவது ஒவ்வொரு வீச்சுக்கும் நீங்கள் 9 மீட்டர் இறங்கி ஏறியதாகக் கணக்கு. முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஓட்டிய நாளின் ஏற்றக் கணக்கை நண்பர்களிடம் பெருமையடிக்காமல் இருப்பது நல்லது. அன்றைக்கு வேகத்தையும் பார்க்காதீர்கள். இதயத் துடிப்பையோ பெடல் சுற்றையோ பார்த்து ஓட்டுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொன்று பட்டன். தொடுதிரைக்கு மழைத்துளிக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாது. வியர்வைக் கையில் இன்னும் மோசம். சூரிய ஒளியைப் பிரதிபலித்துத் தெரியும் வகைத் திரையாக இருக்கட்டும். வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும். கார்மின் எட்ஜ் 130 பிளஸ் இதற்கு நல்ல உதாரணம்: 33 கிராம், 1.8 அங்குலத் திரை, பட்டன், பாரோமீட்டர், 12 மணி நேரம் பேட்டரி. இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்து வேண்டுமென்றால் ஐஜிபிஎஸ்போர்ட் பிஎஸ்சி200, 2.5 அங்குலம், அதிலும் பட்டனும் பாரோமீட்டரும் உண்டு. கையில் வந்ததும் பெட்டியிலேயே பூட்டிவைக்காமல் மென்பொருளைப் புதுப்பித்து, பதிவு இடைவெளியை ஒரு விநாடியாக மாற்றிவிடுங்கள்.

கிளம்புகிற காலையில் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். முந்தின இரவு போனில் உள்ள அதன் செயலியோடு இணைத்து எடுத்தால் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற தகவல் கருவிக்கு வந்துவிடும், இடம் பிடிக்கச் சில விநாடிகளே ஆகும். பல வாரம் மூலையில் கிடந்த கருவி என்றால் முழுத் தகவலையும் வானத்திலிருந்தே வாங்க 12 நிமிடத்துக்கும் மேல் பிடிக்கலாம். கார் ஷெட்டிலோ மாமரத்தடியிலோ அல்லாமல் திறந்த முற்றத்தில் வையுங்கள். இடம் பிடிப்பதற்குள் ஓட்டத் தொடங்கினால் முதல் கிலோமீட்டர் கோணலாகத்தான் விழும்.

வழி போட்டுக்கொண்டு போவதாக இருந்தால், பேச்சிப்பாறைக்கு மேலே போன் சிக்னலை எதிர்பார்க்காமல் வீட்டிலேயே ஏற்றிவிடுங்கள். சின்னத் திரையில் தெரிவது வெறும் கோடுதான். இரட்டைச் சாலை பிரியும் இடத்தில் மரம் மூடியிருந்தால் 50 மீட்டர் போன பிறகுதான் தவறிய வழி என்று சொல்லும். நிலப்படத்தில் சாலை போலத் தெரிவது சில இடங்களில் எஸ்டேட் கேட்டில் போய் முடியும். கோதையாறு பக்கம் வனத்துறைச் சோதனைச் சாவடி இருக்கிறது. கருவி காட்டும் கோடு அங்கே அனுமதிச் சீட்டாகாது.

மழைக்குத் தாங்குமா என்றால், ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் தாங்கும். ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் அசையாமல் கிடந்தாலும் உள்ளே நீர் போகாது என்பதே அதன் பொருள். சைக்கிள் கழுவும் பிரஷர் பம்புக்கும் உப்புத் தண்ணீருக்கும் அந்த உறுதி கிடையாது. நம்மூரில் கருவியைக் கொல்வது மழையைவிட உப்புதான். முட்டம், மணக்குடி பக்கம் ஓட்டி வந்தால் திரையில் மெல்லிய வெள்ளைப் படலம் படிந்திருக்கும். அதே படலம் சார்ஜ் செய்யும் துளையின் முனைகளிலும் வியர்வையோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். அந்த ஈரத்தோடு சார்ஜரைச் செருகினால் மின்சாரம் உப்பு வழியே பாய்ந்து முனைகளை அரித்துவிடும். பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு பொட்டு தெரிந்தால் காரியம் கெட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் துளையின் ரப்பர் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழாயை மெல்லத் திறந்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் இரண்டு மணி நேரம் வைத்து, பிறகு மூடியைத் திறந்து, சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் போடுங்கள்.

ஏறும்போது உயரம் அசையாமல் ஒரே எண்ணில் நின்றால் பின்பக்கத்துச் சின்ன பாரோமீட்டர் துளை அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். ஊசியை விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்து, உதறி, ஒரு இரவு காயவிட்டால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.