படபடப்புக்கு நெட்டில் வாங்கும் பவுடர்: கேள்வி பதில்

(கும்பகோணத்தில் முப்பது வருடம் மெடிக்கலில் நின்றவன் நான். அனுமதி இல்லாத பதற்ற மருந்துகள் பற்றி வந்த கேள்விகள் இவை. 'எவ்வளவு போடலாம்' என்று மட்டும் கேட்காதீர்கள்.)

மன்னார்குடி மாணவர்: படபடப்புக்கு நெட்டில் விற்கும் ஃபெனிபட் பவுடர் வெறும் அமினோ அமில சப்ளிமென்ட்தானே சார்?

டப்பாவில் அப்படித்தான் போட்டிருக்கும். 1960களில் சோவியத் ஆய்வாளர்கள் செய்த செயற்கை மருந்து தம்பி அது. மூளையை அடக்கி வைக்கும் காபா என்ற பொருளை வெளியிலிருந்து கொடுத்தால் மூளைக்குள் சரியாக நுழையாது. அதோடு ஃபீனைல் வளையம் என்ற கார்பன் அணு வளையம் ஒன்றைச் சேர்த்தார்கள், நுழைந்துவிட்டது. தசை இறுக்கத்துக்கு டாக்டர் எழுதும் பேக்லோஃபெனுக்கும் இதற்கும் ஒரே ஒரு குளோரின் அணுதான் வித்தியாசம். ரஷ்யாவில் மருந்தாக விற்கிறது. அமெரிக்காவில் மருந்தாக அனுமதி இல்லை. சப்ளிமென்ட் என்று விற்ற கம்பெனிகளுக்கு 2019ல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

இன்னொன்று. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். 'ஏறலையே' என்று இன்னொரு ஸ்பூன் போடுவார்கள். மாட்டிக்கொள்வது அங்கேதான்.

நீடாமங்கலம் விவசாயி: அறுப்பு நேரத்தில் மழை என்றால் தூக்கமே வருவதில்லை. எவ்வளவு போடலாம்?

சொல்ல மாட்டேன் ஐயா. தூக்கம் போனதற்கு டாக்டரைப் பாருங்கள். பேசினாலே பாரம் குறையும் என்றால் 14416, அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ், காசு கிடையாது.

திருவாரூர்க்காரர்: பதற்றத்துக்குத் தரும் எடிசோலம் மாத்திரை நம் ஊரிலேயே கிடைக்கிறது. அமெரிக்காவில் தடை என்கிறார்களே?

இரண்டும் உண்மை. ஜப்பானிலும் இங்கேயும் டாக்டர் சீட்டுக்குத் தரும் மருந்து. அமெரிக்காவில் அனுமதியே பெறவில்லை. 2023ல் கடுமையான தடைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

பட்டுக்கோட்டைக்காரர் (குறுக்கே): அப்படியென்றால் அனுமதி என்பது வெறும் காகிதம்தானே?

காகிதம்தான். ஆனால் மாத்திரையில் எத்தனை மில்லிகிராம், எத்தனை மணி நேரம் உடம்பில் நிற்கும், ஈரல் கெட்டவருக்கு என்ன ஆகும் என்று பார்த்து எழுதிய காகிதம். நெட்டில் விற்கும் இதே வகைச் சரக்கைப் பாருங்கள். ப்ரோமசோலம் எந்த நாட்டிலும் மருந்தாக அனுமதி பெறவில்லை. ஃபுளுப்ரோமஸிபாம் நாலு நாள் கழித்தும் பாதிக்கு மேல் உடம்பில் கிடக்கும். தினம் போடுகிறவர் முந்தாநாள் மாத்திரையின் மேல் இன்றைய மாத்திரையை அடுக்குகிறார்.

அவரே: பதற்றத்துக்கு டாக்டர் எழுதும் அல்ப்ராசோலமும்தான் பழக்கமாகிறது!

ஆகிறது, மறுக்கவில்லை. மதகை நினைத்துக்கொள்ளுங்கள். நரம்பு செல்லில் குளோரைடு நுழைய ஒரு மதகு, ஷட்டரைத் தூக்கும் ஆள் காபா. அல்ப்ராசோலம் வகை மருந்துகள் தாங்களாகத் தூக்காது; அந்த ஆள் அடிக்கடி தூக்க ஒத்தாசை செய்யும். நரம்பு அடங்கும். மாதக்கணக்கில் ஒத்தாசை கிடைத்தால் ஆள் மந்தமாகிவிடுவான். திடீரென்று ஒத்தாசையை நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு வரை போகும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். டாக்டர் எழுதியதை டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். நெட் பவுடரில் எவ்வளவு இருந்தது என்றே தெரியாதபோது எதிலிருந்து குறைப்பது? என் சண்டை அதோடுதான், உங்களோடு இல்லை.

வலங்கைமான் பெண்: தம்பி ஃபெனிபட்டை நேற்று நிறுத்தினான். கை நடுங்குகிறது, யாரோ பேசுவது கேட்கிறது என்கிறான்.

இதைப் படித்ததும் கிளம்புங்கள் அம்மா. 108ஐக் கூப்பிடுங்கள். மீதிப் பவுடரையும் டப்பாவையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். வழக்கமான ரத்த, சிறுநீர்ச் சோதனையில் ஃபெனிபட் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

பெயர் சொல்லாதவர்: ஆரம்பத்தில் எத்தனை மில்லிகிராம்?

நீடாமங்கலத்துக்குச் சொன்னதேதான்.

தஞ்சாவூர்: சரக்கோடு சேர்த்துப் போட்டால்?

மூச்சு நின்றுபோகலாம்.

பாபநாசம்: அமுக்கரா சூரணம் நல்லதா?

சித்த மருத்துவரைக் கேளுங்கள்.

முத்துப்பேட்டை: சிங்கப்பூர் போகிறேன், அல்ப்ராசோலம் கொண்டுபோகலாமா?

சீட்டு மட்டும் போதாது. அந்த நாட்டு மருந்துத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தனுப்பும் மாத்திரைப் பொட்டலத்தைப் பையில் போடாதீர்கள்.